பி.எஸ்சி. நர்சிங் சேர விரும்புகிறேன்: கல்லூரியை எதை வைத்துத் தீர்மானிப்பது?

பொருநைக்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், தமிழ் வழியில், உயிரியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 300க்கு 251 மதிப்பெண்கள் பெற்றுள்ளேன். நீட் தேர்வு எழுதவில்லை. மருத்துவம் கிடைக்காததால் இந்தப் பக்கம் வந்தவள் என்று யாரும் எண்ண வேண்டாம். நர்சிங்தான் என் முதல் விருப்பம்.

வீட்டில் மூன்று விதமான பேச்சு நடக்கிறது. அரசுக் கலந்தாய்வு வரை பொறுத்திருக்கலாம் என்கிறார் அம்மா. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தனியார் கல்லூரி ஒன்று, முன்பணம் கட்டினால் இப்போதே இடம் உறுதி என்று சொல்வதால், அதையே முடித்துவிடலாம் என்பது அப்பாவின் எண்ணம். டிப்ளமோ நர்சிங் போதும், நான்கு ஆண்டு எதற்கு என்று கேட்கிறார் சித்தப்பா. இதற்கிடையே, பெங்களூரில் குறைந்த செலவில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி ஓர் ஏஜென்ட் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார்.

இவற்றுள் எதை எதனோடு ஒப்பிடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கட்டணத்தைத் தவிர வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பாடங்கள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதும் அச்சமாக இருக்கிறது. இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோவை நர்சிங் ஆசிரியை

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், தங்கை. தமிழ்நாட்டில் அரசு நர்சிங் கல்லூரிகளின் இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு மூலமே நிரப்பப்படுகின்றன. துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான விண்ணப்பத்தில் பி.எஸ்சி. நர்சிங்கும் ஒன்று. தரவரிசை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே அமைவதால் நீட் எழுதாதது உங்களுக்குக் குறையாகாது. புதுச்சேரி ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்றவற்றில் சேர விரும்புவோருக்குத்தான் நீட் மதிப்பெண் வேண்டும். எய்ம்ஸ் நிறுவனங்கள் தனி நுழைவுத் தேர்வு வைக்கின்றன. டிப்ளமோவுக்கான விண்ணப்பம் வேறு, அறிவிப்பும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றைத் தவறவிடும் மாணவியரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இரண்டுக்குமே விண்ணப்பித்து வையுங்கள்.

நான்கு ஆண்டுகளில் என்ன இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2021-22 முதல் இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பாடத்திட்டப்படி படிப்பு எட்டுப் பருவங்களாக நடக்கிறது. முதல் பருவத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் ஆகியவற்றோடு பேச்சு ஆங்கிலமும் ஒரு பாடமாகவே உண்டு. அடுத்தடுத்த பருவங்களில் நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்குறியியல், பெரியவர் நலம், குழந்தைகள் நலம், மனநலம், சமுதாய நலம், மகப்பேறு என்று விரிந்து, எட்டாம் பருவம் முழுவதும் பயிற்சிப் பணியாகவே கழியும். வகுப்பில் 80 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். வார்டுப் பயிற்சியிலோ பட்டம் பெறுவதற்குள் 100 விழுக்காட்டையும் ஈடுசெய்தாக வேண்டும். விடுப்பு எடுத்த நாளுக்கும் பின்னர் போய் நின்றுதான் தீர வேண்டும்.

இடம் இப்போதே உறுதி என்று முன்பணம் கேட்பவரிடம், கலந்தாய்வு முடிந்து அரசு இடம் கிடைத்தால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரியில் சேர்ந்தால் பின்னால் வெளியே வருவது பெரும்பாடு.

இரு பெண்களின் தந்தை

இடையில் பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மூத்த மகளும் இதே படிப்பைக் கேட்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இரவுப் பணி, அன்னியர்களின் மலம் மூத்திரம், நோய்த் தொற்று, திருமணப் பேச்சில் வரும் தயக்கம் ஆகிய நான்கும் என் கண்முன் நிற்கின்றன. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டு படித்த பெண்ணுக்கும், ஆறு மாதச் சான்றிதழ் வாங்கிய பெண்ணுக்கும் ஒரே சீருடை, ஏறக்குறைய ஒரே சம்பளம். அப்படியிருக்கும்போது பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு யாரும் நேரான பதில் தருவதில்லை. எல்லோரும் சேவை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

பழைய வார்டு சிஸ்டர்

அரசு மருத்துவமனைகளில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தந்தையாரின் கேள்வி நியாயமானது. சேவை என்ற பேச்சைக் காட்டியே செவிலியருக்குக் குறைந்த கூலி கொடுத்துப் பழகிவிட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்தப் போவதில்லை. மலம் மூத்திரம் பற்றிக் கேட்டீர்கள். உண்மைதான், அது இவ்வேலையில் உண்டு. ஆனால் படுக்கையில் கிடப்பவரின் மலத்தில் இரத்தம் கலந்திருக்கிறதா, சிறுநீரின் அளவு நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா, முதுகில் புண் தொடங்குகிறதா என்பவற்றை முதலில் காண்பவர் செவிலியர்தான். ஆறு மாதச் சான்றிதழ்க்காரர் அதைத் துடைப்பார். படித்தவர் அதைப் படித்துக் கேஸ் ஷீட்டில் எழுதி மருத்துவரை எழுப்புவார். சட்டப்படியும் வேறுபாடு உண்டு. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளத் தகுதி தரும் படிப்புகள் குறிப்பிட்ட சிலவே. அந்தப் பதிவு எண் இல்லாதவர் எத்தனை ஆண்டு ஊசி போட்டாலும் அரசுத் தேர்வு எழுத முடியாது, வெளிநாடும் போக முடியாது.

இனி, கேட்ட பெண்ணுக்கு வருகிறேன். கல்லூரிக் கட்டடத்தையும் விடுதி அறையையும் பேருந்தையும் பார்த்துவிட்டு வந்து கல்லூரி நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்கள். அம்மா, நீ பார்க்க வேண்டியது அந்தக் கல்லூரி மாணவியர் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையைத்தான். கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும் என்றும், பயிற்சியில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் இருக்க வேண்டும் என்றும் நர்சிங் கவுன்சில் விதிக்கிறது. தாளில் 100 படுக்கை இருக்கும். போய்ப் பார்த்தால் பாதியில் மெத்தை மட்டும் இருக்கும். நோயாளியே இல்லாத வார்டில் ஒரு மாணவி கற்றுக்கொள்வது படுக்கை விரிப்பை மடிப்பதை மட்டுமே.

மகப்பேறு பயிற்சியை எடுத்துக்கொள். பிரசவங்களைப் பார்த்தும், மேற்பார்வையில் தானே நடத்தியும் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு. இதற்கு என்ன பொருள்? தனியார் மருத்துவமனையை மட்டும் நம்பியிருக்கும் கல்லூரியில், பிரசவ அறைக்கு வெளியே மாணவியர் வரிசையாக நின்றாலும் சுகப்பிரசவம் போதிய எண்ணிக்கையில் நடக்காது. பிறகு பதிவேடு எப்படி நிரம்புகிறது என்றால், முந்தைய ஆண்டு மாணவியின் நோட்டைப் பார்த்து நிரம்புகிறது. நான் வார்டுப் பொறுப்பில் இருந்தபோது, பதிவேட்டில் எல்லாம் எழுதியிருந்தும், தாயின் வயிற்றில் கைவைத்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாத பட்டதாரிகள் பணிக்கு வந்திருக்கிறார்கள். குறை அந்தப் பிள்ளைகளுடையதன்று.

ஆகவே ஒரு கல்லூரியில் சேரும் முன் இவற்றைக் கேள்: மகப்பேறு பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே மாதத்துக்கு எத்தனை பிரசவம்? மனநலப் பயிற்சிக்கு எங்கே அழைத்துப் போகிறார்கள்? சென்னைக் கல்லூரிகளுக்கு 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. உங்கள் பகுதிக் கல்லூரிக்கு எது? சமுதாய நலப் பயிற்சிக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையம்? வார்டில் மாணவியரோடு ஆசிரியர் நிற்பாரா, அல்லது மருத்துவமனைச் செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் சரியான பதில் கிடைக்காது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியே பிடித்துக் கேள்.

இரவுப் பணியாளன்

சிஸ்டரம்மா சொன்னதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் ஆண் செவிலியன் நான். ஆண்கள் யாரேனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ராணுவ நர்சிங் பணி பெண்களுக்கு மட்டுமே. எய்ம்ஸ் நிறுவனங்கள் செவிலியர் பணிக்கு ஆளெடுக்க 2020 முதல் நடத்தும் நார்செட் தேர்வில் 80 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு, 20 விழுக்காடு ஆண்களுக்கு. ஆனால் அவசரப் பிரிவு, டயாலிசிஸ், தீவிர சிகிச்சை ஆகிய இடங்களில் தனியார் மருத்துவமனைகள் எங்களைத் தேடி எடுக்கின்றன.

ஊதியத்தைப் பற்றித் தந்தையார் கேட்டார். செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. அதைச் செயலாக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கேரளத்தில் செவிலியர் வேலைநிறுத்தம் வரை போனதால் 2018இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கப்பட்டது. நம் ஊர்களில் சிறு மருத்துவமனைகள் அந்தப் பரிந்துரையைக் கேள்விப்பட்டதாகவே காட்டிக்கொள்வதில்லை. புதிதாகச் சேர்பவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

அரசு வேலை என்றாலும் முதல் நாளே முழு ஊதியம் என்று எண்ண வேண்டாம். 2012இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வாகிறவர்கள் தொகுப்பூதியத்தில்தான் தொடங்குகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் காலமுறை ஊதியம் என்பது பேச்சு, காலியிடம் உண்டானால்தான் நடப்பு. 7,700 ரூபாயில் தொடங்கியவர்கள் நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து போராடியது பலருக்கு நினைவிருக்கும். மத்திய அரசு நிறுவனங்களில் நிலைமை வேறு: எய்ம்ஸில் செவிலியர் அலுவலருக்கு அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய், படிகள் தனி. அந்தத் தேர்வுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போதிய அளவில் ஆயத்தம் செய்வதில்லை என்பது என் ஆதங்கம். இராஜஸ்தானிலிருந்து வரும் மாணவர்கள் மூன்றாம் ஆண்டிலேயே பயிற்சி வகுப்புக்குப் போகிறார்கள். நாம் பட்டம் வாங்கிய பிறகுதான் அப்படி ஒரு தேர்வு இருப்பதையே கேள்விப்படுகிறோம்.

கோவை நர்சிங் ஆசிரியை

டிப்ளமோ போதுமா என்ற சித்தப்பாவின் கேள்வி விடுபட்டுவிட்டது. நார்செட்டை எடுத்துக்கொண்டால், பி.எஸ்சி. முடித்துப் பதிவு பெற்றவர் உடனே எழுதலாம். டிப்ளமோ முடித்தவர் குறைந்தது 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் காட்ட வேண்டும். கல்லூரி ஆசிரியராக விரும்பினால் எம்.எஸ்சி. வேண்டும், டிப்ளமோ முடித்தவர் அதற்கு முன் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பட்டத்தையும் படித்தாக வேண்டும். ஆக, டிப்ளமோ மூன்று, போஸ்ட் பேசிக் இரண்டு என ஐந்தாண்டில் அடைவதைப் பட்டப்படிப்பு நான்கில் தந்துவிடுகிறது. பல வெளிநாடுகளும் பட்டத்தையே விரும்புகின்றன. 251 மதிப்பெண் எடுத்த பெண் டிப்ளமோவுக்கு இறங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பழைய வார்டு சிஸ்டர்

இந்த இடத்தில் ஆசிரியை அவர்களோடு உடன்பட முடியவில்லை. நல்ல பட்டத்துக்கும் நல்ல டிப்ளமோவுக்கும் இடையே என்றால் பட்டம்தான், அதில் மறுபேச்சில்லை. நம் முன் இருப்பதோ, நோயாளி இல்லாத தனியார் கல்லூரியின் பட்டமும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டிப்ளமோவும். அரசு டிப்ளமோவில் மாணவிக்குக் கட்டணச் சுமை இல்லை, மாதந்தோறும் சிறு உதவித்தொகையும் உண்டு. முதல் ஆண்டிலிருந்தே ஆயிரக்கணக்கான நோயாளிகள் வந்துபோகும் இடத்தில் கை பழகும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் தேர்வை இரண்டு பிரிவினருமே எழுதலாம். வேலையில் இருந்துகொண்டே பின்னர் போஸ்ட் பேசிக் முடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கிப் பெற்ற பட்டத்தோடு, நரம்பில் கேனுலா என்ற ஊசிக்குழாய் போடக் கை நடுங்கும் பெண்ணாக வெளியே வருவதைவிட இது மேல். நீந்தக் கற்றுக்கொள்ள ஆற்றில் இறங்க வேண்டும், கரையில் எவ்வளவு அழகாகக் கட்டடம் கட்டினாலும் பயனில்லை.

ஆகவே என் வரிசை இது: கலந்தாய்வில் அரசுக் கல்லூரிப் பட்டம், அடுத்து, நோயாளிகள் நிறைந்த சொந்த மருத்துவமனையுள்ள தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம், அடுத்து அரசு டிப்ளமோ, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீடு கடைசி.

கோவை நர்சிங் ஆசிரியை

அப்படிப் பிரித்துச் சொன்னால் எனக்கும் மறுப்பில்லை, சிஸ்டர். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தனியார் என்றாலே தாழ்வு என்று மாணவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியதே 1946இல்தான். அது தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று டெல்லி, மற்றொன்று ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. அங்கே இன்றும் மாணவியரைப் பயிற்றுவிப்பவரே வார்டுப் பணியிலும் பொறுப்பு ஏற்கிறார் என்பதால்தான் அந்தப் பெயர் நிற்கிறது. அது தனியார் நிறுவனமே. அங்கே சேர்வதற்கான தேர்வு முறை தனி, விண்ணப்பமும் தனி. பலர் கலந்தாய்வு அறிவிப்புக்காகக் காத்திருந்து அந்தத் தேதியைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

பெங்களூர் ஏஜென்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் அம்மாநில நர்சிங் கவுன்சில், பல்கலைக்கழகம், இந்திய நர்சிங் கவுன்சில் ஆகிய மூன்று பட்டியல்களிலும் நீங்கள் சேரும் ஆண்டுக்கு இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள். ஒன்றில் இல்லையென்றாலும், படித்து முடித்து வந்து தமிழ்நாட்டில் பதிவை மாற்றும்போது அலைச்சல் நிச்சயம். ஏஜென்ட் காட்டும் நகலை நம்ப வேண்டாம்.

பொருநைக்கரையாள்

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டரம்மா சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அப்பாவோடு அந்தத் தனியார் கல்லூரிக்குப் போய் வந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். சொந்த மருத்துவமனை 120 படுக்கை என்றார். நாங்கள் அதைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, இன்று புறநோயாளர் பிரிவு மட்டும்தான் திறந்திருக்கிறது என்று பதில் வந்தது. மாதத்துக்கு எத்தனை பிரசவம் என்று கேட்டதற்கு, அது மருத்துவமனைக்குத்தான் தெரியும் என்றார். அதுவரை பேசாமலிருந்த அப்பா, மருத்துவமனை உங்களுடையதுதானே என்று கேட்டார். அதன்பின் பேச்சு கட்டணத்துக்குப் போய்விட்டது.

வாசலில் இரண்டாம் ஆண்டு அக்கா ஒருவரைச் சந்தித்தேன். வாரத்தில் சில நாள்கள் அரசு மருத்துவமனைக்கு வாகனத்தில் அழைத்துப் போவார்கள் என்றும், அங்கே ஏற்கெனவே மூன்று கல்லூரி மாணவியர் நிற்பதால் நாடி, இரத்த அழுத்தம் போன்ற வைட்டல்ஸ் பார்ப்பதைத் தவிர அதிகம் கிடைப்பதில்லை என்றும் சொன்னார். முன்பணம் கட்டாமல் திரும்பிவிட்டோம். கலந்தாய்வுக்கும் டிப்ளமோவுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். மதுரை மருத்துவக் கல்லூரியை முதல் விருப்பமாக வைக்கலாமா? மேலும், ஆங்கிலம் பற்றிய என் கேள்விக்கும் யாரேனும் பதில் சொல்ல வேண்டும்.

பழைய வார்டு சிஸ்டர்

மதுரையை முதலில் வை, சென்னை மருத்துவக் கல்லூரியை அடுத்து வை. சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இலேயே தொடங்கிவிட்டது. நம் நாட்டின் மிகப் பழைய பயிற்சியிடங்களுள் அது ஒன்று. ஆனால் வீட்டுக்கு ஏங்கும் முதல் ஆண்டில் ஓர் இரவுப் பேருந்துத் தொலைவைவிட மூன்று மணி நேரத் தொலைவு நல்லது. 2014க்குப் பின் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடெங்கும் 157 நர்சிங் கல்லூரிகள் அமைக்க மத்திய அரசு 2023இல் ஒப்புதல் தந்தது. அவற்றுள் 11 தமிழ்நாட்டுக்கு. அவை எந்த அளவில் செயல்படத் தொடங்கியுள்ளன என்பதைக் கலந்தாய்வின் இடப் பட்டியலில் பார்த்துக்கொள். கட்டடம் முடியாவிட்டாலும் மருத்துவமனை நிறைந்திருக்கும் என்பதால் அவற்றைத் தள்ள வேண்டாம்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. நோயாளி தமிழில்தான் வலியைச் சொல்வார்; அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தால் போதும். ஷிப்ட் முடிவில் அடுத்து வருபவரிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி ஹேண்டோவர் கொடுக்கும் மொழி மிகச் சிறியது. திரும்பத் திரும்ப அதே நூற்றுக்கணக்கான சொற்கள்தான். உடற்கூறியலைக் கல்லூரி திறக்கும் முன்பே படம் போட்டு, பாகங்களின் ஆங்கிலப் பெயரை எழுதிப் பழகு. தமிழ் வழியில் வந்து முதல் பருவத்தில் தடுமாறி, மூன்றாம் பருவத்தில் வகுப்பில் முன்வரிசைக்கு வந்தவர்கள் ஏராளம். தமிழ் வழியில் வந்தவர்களுக்கு உண்மையிலேயே இடறும் இடம் மருந்தியல். மருந்தின் பெயரையும் அளவையும் தவறாக வாசித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அங்கே மட்டும் மனப்பாடத்துக்கு வெட்கப்படாதே.

இரு பெண்களின் தந்தை

அந்தத் தந்தை அலுவலகத்தில் கேட்ட கேள்வியை நானும் ஒரு கல்லூரியில் கேட்டுவிட்டு வந்தேன். கிடைத்த பதிலும் ஏறக்குறைய அதுவே. என் மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். இரவுப் பணி பற்றிய கவலை எனக்குத் தீரவில்லை, இருந்தாலும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். இரண்டு ஐயங்கள்: அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு ஏதேனும் உதவித்தொகை உண்டா? படித்து முடித்தபின் இத்தனை ஆண்டு எங்கள் மருத்துவமனையிலேயே வேலை செய்ய வேண்டும் என்று சில தனியார் கல்லூரிகள் பத்திரத்தில் எழுதி வாங்குகிறார்களே, அது செல்லுமா?

இரவுப் பணியாளன்

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்; 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும் என்பதால் சேர்ந்தவுடன் பொறுப்பாசிரியரைக் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பினரானால், ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு. வருமானச் சான்றைப் புதிதாக வாங்கி வையுங்கள்.

பத்திர முறையை நர்சிங் கவுன்சில் ஒழிக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் சிலர் சேர்க்கைத் தாள்களுக்கு நடுவே அதைச் செருகி வைப்பார்கள். எல்லாத் தாளையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ராணுவ நர்சிங்கில் படிப்புக்குப் பின் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அங்கே படிப்பு அரசுச் செலவு, வேலையும் உறுதி. அதையும் இதையும் ஒன்றாக வைக்க முடியாது.

வெளிநாட்டுக்குப் போகும் நாள் வந்தால் இடைத்தரகரை விட்டுவிடுங்கள். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட, இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டிய நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் உரிமை 2015இல் அரசு முகமைகளுக்கே தரப்பட்டது. தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அந்தப் பணியைச் செய்கிறது. பிரிட்டன் போக ஆங்கிலத் தேர்வும், கணினித் தேர்வும், செய்முறைத் தேர்வும் உண்டு. ஜெர்மனியில் செவிலியராகப் பணியாற்றப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும். இவையெல்லாம் மூன்றாம் ஆண்டுக்குப் பின் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

கோவை நர்சிங் ஆசிரியை

இரண்டு பெண்களுக்கும் ஒரு நடைமுறைக் குறிப்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்று மூன்று தவணை இருப்பதால், கல்லூரி தொடங்கிய பின் ஆரம்பித்தால் முதல் வார்டுப் பயிற்சிக்குள் முடியாது. சிறுவயதில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். மருத்துவத் தகுதிச் சான்று வாங்கும்போது கேட்பார்கள்.